அந்தப் புடைப்புக்கு ரத்தப் பரிசோதனையில் பதில் இல்லை

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து 28 வயது வாசகர் ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பனியன் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை. வைகாசியில் நிச்சயம் முடிந்து, தை மாதம் கல்யாணம். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

போன வருடம் ஆடி மாதம் நண்பர்களோடு வெளிமாநிலம் போனபோது, பணம் கொடுத்து ஒரு பெண்ணோடு ஒருமுறை உறவு கொண்டிருக்கிறார். ஆணுறை போட்டிருந்தார். திரும்பி வந்து ஆறு வாரம் கழித்து எச்.ஐ.வி. பரிசோதனை செய்தார். இல்லை என்று வந்தது. அதோடு மறந்தும் போனார். நிச்சயம் முடிந்த அடுத்த வாரம் குளிக்கும்போதுதான், ஆணுறுப்பின் மொட்டு விளிம்பைச் சுற்றி ரவை ரவையாக வெள்ளைப் புடைப்புகள் வரிசை கட்டி இருப்பதைப் பார்த்திருக்கிறார். வலி இல்லை, அரிப்பு இல்லை, நீர் வடியவும் இல்லை.

அதற்கப்புறம் தினமும் தேடல்தான். பாத்ரூமில் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததில், விதைப்பையில் மஞ்சளாகப் பொடிப்பொடியாகச் சில தெரிந்திருக்கின்றன. கடந்த மூன்று வாரமாக, சவரம் செய்த இடத்தில், உறுப்புக்கு மேலே, புதிதாக இரண்டு. நெட்டில் படங்களைப் பார்த்து இது பால்வினை மருதான் என்று முடிவு கட்டி, அங்கே யாரோ சொன்னபடி பஞ்சை வினிகரில் நனைத்து வைத்துப் பார்த்திருக்கிறார். தோல் வெளுத்திருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் ‘அரிப்புக்கு’ என்று கூச்சத்தோடு கேட்டு ஓர் ஆயின்மென்ட் வாங்கி மூன்று வாரம் தடவியிருக்கிறார். தினமும் மூன்று வேளை கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவுகிறார். மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டு ஆட்களைப் பார்க்கும் வைத்தியர் ஒருவர் நாடி பிடித்து, ‘மேகச்சூடு, விட்டால் ஆண்மையே போய்விடும்’ என்று சொல்லி, 18,000 ரூபாய்க்கு லேகியமும் சூரணமும் கொடுத்திருக்கிறார். கடைசியாகப் போன மாதம் தனியார் லேப் ஒன்றில் பால்வினை நோய்களுக்கான பேக்கேஜ் எடுத்ததில், எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., ஹெபடைட்டிஸ் பி மூன்றும் நெகட்டிவ். ஆனால் ‘ஹெர்பிஸ் 1 ஐ.ஜி.ஜி.’ என்ற வரிக்கு எதிரே மட்டும் தடித்த எழுத்தில் பாசிட்டிவ்.

‘அந்த ஒரு வரியைப் பார்த்ததிலிருந்து சோறு இறங்கவில்லை டாக்டர். ராத்திரி அவள் போன் பண்ணினால் எடுக்க முடியவில்லை. ஓவர்டைம் என்று பொய் சொல்கிறேன். இது பால்வினை நோய்தானே? சுட்டு எடுத்துவிடலாமா? கல்யாணத்தை நிறுத்தினால் அம்மாவிடம் என்ன காரணம் சொல்வது?’ என்று முடித்திருக்கிறார்.

தம்பி, நான்கு மாதமாக நீங்கள் பட்ட அவஸ்தை கடிதம் முழுக்கத் தெரிகிறது. ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்த நான்கு மாதத்தில் ஒரு டாக்டர்கூட உங்கள் உடம்பைப் பார்க்கவில்லை. மெடிக்கல் ஷாப்பில் நீங்கள் சொன்ன வார்த்தையைக் கேட்டு மருந்து கொடுத்தார்கள். லாட்ஜ்காரர் கையைத்தான் பிடித்தார். லேப் ரத்தத்தைத்தான் எடுத்தது. புடைப்பு இருக்கிற இடத்தை யாருமே பார்க்கவில்லை. தோலில் இருக்கும் புடைப்பு என்ன என்பதைப் பெரும்பாலும் நல்ல வெளிச்சமும் பார்த்துப் பழகிய கண்ணும் சொல்லிவிடும். அதற்கு ஐந்து நிமிடம் போதும்.

கடிதத்தை வைத்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது என்று நான் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆனால் நீங்கள் நிதானமாக, இடம் வாரியாக எழுதியிருக்கிறீர்கள். அதனால் எது அநேகமாக என்ன, எதை அவசியம் காட்ட வேண்டும் என்ற அளவுக்குச் சொல்ல முடியும். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே நோய் என்று நினைத்திருக்கிறீர்கள். எனக்கு அது மூன்று தனித்தனி விஷயமாகத் தெரிகிறது.

விளிம்பில் இருக்கும் வரிசை

மொட்டின் விளிம்பை ஒட்டி, ஒன்றோ இரண்டோ வரிசையாக, ஒரே அளவில், ஒன்று இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில், தோல் நிறத்திலோ வெள்ளையாகவோ, நான்கு மாதமாகக் கூடாமலும் குறையாமலும் இருப்பவை. நீங்கள் எழுதியது இதுதான். இந்த வர்ணனைக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது: பேர்லி பெனைல் பாப்யூல்ஸ். பெயர் வைத்திருப்பதால் நோய் என்று நினைத்துவிடாதீர்கள். சில ஆண்களின் உடலமைப்பு அப்படி, அவ்வளவுதான். பதின்வயதிலோ இருபதுகளிலோ தோன்றும், வயது ஏற ஏற மங்கும். 100 ஆண்களில் 15 பேருக்கு இருப்பதாகச் சொல்லும் ஆய்வும் உண்டு, 40 பேருக்கு மேல் இருப்பதாகச் சொல்லும் ஆய்வும் உண்டு. உறவினால் வருவதில்லை, இன்னொருவருக்குப் போவதும் இல்லை. முன்தோல் நீக்காதவர்களிடம் கொஞ்சம் கூடுதலாகத் தென்படும்.

‘நான்கு மாதத்துக்கு முன்னால் வந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதத்துக்கு முன்னால் பார்த்தீர்கள் என்பதுதான் நிச்சயம். நிச்சயதார்த்தம் முடிந்த வாரத்தில்தான் பெரும்பாலான இளைஞர்கள் வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த இடத்தை உற்றுப் பார்க்கிறார்கள். வருடக்கணக்காக அங்கேயே இருந்தது அன்றைக்குக் கண்ணில் பட்டிருக்கலாம்.

பால்வினை மரு இப்படி வரிசையில் நிற்காது. ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். மேல்பகுதி சொரசொரப்பாக, வளர்ந்தால் காலிஃபிளவர் பூ போல் கொத்தாகும். வாரம் போகப் போக எண்ணிக்கை கூடலாம். எச்.பி.வி. என்ற வைரஸ்தான் காரணம். அதிலும் 6, 11 என்ற இரண்டு வகைகள்தான் இந்த மருக்களில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குக் காரணம். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் 16, 18 வகைகள் வேறு. நெட்டில் இரண்டையும் ஒரே பக்கத்தில் போட்டுப் பயமுறுத்துகிறார்கள்.

வினிகர் விஷயத்துக்கு வருகிறேன். அசிட்டிக் அமிலத்தில் எச்.பி.வி. பாதித்த தோல் வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் உரசிய தோல், புண்பட்ட தோல், ஒவ்வாமையால் சிவந்த தோல் எல்லாமே வெளுக்கும். மூன்று வேளையும் கிருமிநாசினியால் கழுவிய தோலில் வினிகரை வைத்தால் வெளுக்காமல் என்ன செய்யும்? அதைச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இந்த வரிசையை எடுக்க லேசர் செய்கிறேன் என்று சொல்லும் அழகுசிகிச்சை மையங்கள் உண்டு. செய்யவும் முடியும். ஆனால் இல்லாத நோய்க்கு, மிக நுட்பமான உணர்ச்சி உள்ள இடத்தில் தழும்பை வாங்கிக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். ‘சுட்டு எடுத்துவிடலாமா’ என்ற உங்கள் கேள்விக்கு, இந்த வரிசையைப் பொறுத்தவரை, வேண்டாம் என்பதே பதில்.

இதே பயத்தோடு பெண்களும் எழுதுகிறார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறப்புறுப்பின் உள் உதட்டில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரியாக, மென்மையாக, ஒவ்வொன்றும் தனித்தனி அடியிலிருந்து கிளம்பும் சிறு முளைகள் சிலருக்கு உண்டு. அதுவும் இயல்பான அமைப்புதான். மரு என்று நினைத்து மருந்து வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

விதைப்பையில் இருப்பவை

தோலை இழுத்துப் பிடித்தால் நன்றாகத் தெரியும், விட்டால் மறையும் என்று எழுதியிருக்கிறீர்கள். மஞ்சள் கலந்த வெள்ளை நிறம். இது ஃபோர்டைஸ் புள்ளிகளாக இருக்க வாய்ப்பு அதிகம். முடியில்லாமல் தோலுக்கு அடியில் தனியாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகள் அவை. கண்ணாடியில் உங்கள் மேலுதட்டின் ஓரத்தைப் பாருங்கள், அங்கேயும் இருக்கலாம். மருந்து தேவையில்லை. பிதுக்காதீர்கள்.

புதிதாக வந்த இரண்டு

நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன இந்த இரண்டைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். விளிம்பு வரிசைக்காக நான்கு மாதம் தூக்கம் கெட்ட நீங்கள், உண்மையிலேயே காட்ட வேண்டியதை ஓரமாக வைத்துவிட்டீர்கள். மூன்று வாரத்தில் புதிதாக வந்தது, சவரம் செய்த இடத்தில் வந்தது, ஒன்று கொஞ்சம் பெரிதாகிறது என்று சொல்கிறீர்கள். மூன்று வாய்ப்புகள் உண்டு.

சவரத்தால் முடிவேர் அழற்சி ஏற்பட்டிருக்கலாம். நடுவில் ஒரு முடி, சுற்றிச் சிவப்பு, தொட்டால் வலி, சில சமயம் முனையில் சீழ். ரேஸரை நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

மொலஸ்கம் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம். வழவழப்பாக, பளபளப்பாக, உருண்டையாக, உச்சியில் தொப்புள் மாதிரி சின்னக் குழியோடு இருக்கும். குழந்தைகளுக்குச் சாதாரணமாக வருவதுதான். வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் வந்தால் உறவின் மூலம் வந்திருக்கலாம். ஆனால் தோலோடு தோல் உரசினாலும், ஒருவர் துடைத்த துண்டை இன்னொருவர் உபயோகித்தாலும்கூட வரும். ரேஸர் போட்டால் கோடு போட்ட மாதிரி பரவும். உடம்பே 6 மாதம் முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலும் விரட்டிவிடும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். கல்யாணம் முன்னால் நிற்பதால் உங்கள் டாக்டர் காத்திருக்கச் சொல்லாமல், சுரண்டியோ உறைய வைத்தோ எடுத்துவிடலாம். இரண்டே இரண்டு என்றால் பெரும்பாலும் ஒரே உட்காரலில் முடியும் வேலை.

மூன்றாவது, உண்மையான பால்வினை மரு. ஆடியில் நடந்ததற்கு இப்போது வருமா என்று கேட்பீர்கள். வழக்கமாக மூன்று வாரம் முதல் எட்டு மாதத்துக்குள் தலைகாட்டும். அதைத் தாண்டியும் வருவது உண்டு. ஆணுறை பெருமளவு காக்கும், ஆனால் அது மூடாத தோலைக் காக்காது. எச்.பி.வி., மொலஸ்கம் இரண்டும் தோல் வழியாகப் பரவுபவை. ‘ஆணுறை போட்டிருந்தேன், அதனால் எதுவும் வராது’ என்று நினைத்தாலும் தப்பு, ‘ஆணுறை போட்டும் வந்துவிட்டது, அப்படியானால் எச்.ஐ.வி.யும் வந்திருக்கும்’ என்று நினைத்தாலும் தப்பு.

இந்த மூன்றில் எது என்று கடிதத்தில் சொல்ல என்னால் முடியாது. நேரில் பார்த்தால் சொல்லிவிடலாம்.

அந்த லேப் ரிப்போர்ட்

உங்கள் ரிப்போர்ட்டில் நல்ல செய்திகள்தான் அதிகம். நீங்கள் ஒரே ஒரு வரியில் நின்றுவிட்டீர்கள்.

எச்.ஐ.வி.: முதல் பரிசோதனையை ஆறு வாரத்தில் செய்தீர்கள். கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் பரிசோதனையாக இருந்தால், சம்பவம் நடந்து மூன்று மாதம் ஆனதும் மறுபடி பார்க்கச் சொல்லியிருப்போம். போன மாதம் செய்தது சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகு. அதற்கப்புறம் வேறு தொடர்பு இல்லை என்றால், அந்த ஆடி மாதத்தைப் பொறுத்தவரை கணக்கு முடிந்தது. இன்னொரு லேபில், இன்னொரு முறை என்று போய்க்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

வி.டி.ஆர்.எல்.: இது சிஃபிலிஸ் என்ற மேகப்புண் நோய்க்கானது. நெகட்டிவ் என்பது நல்லது. ஆனால் நாளான சிஃபிலிஸில் இது சிலருக்குத் தானாகவே நெகட்டிவ் ஆகிவிடும். அதனால் டி.பி.எச்.ஏ. என்ற இன்னொரு பரிசோதனையை ஒருமுறை செய்துவிடுவது எனக்குப் பிடிக்கும். உங்களுக்கு இருப்பதாக நான் சந்தேகிக்கவில்லை. வலியில்லாத புண் ஒன்று வந்து தானாக ஆறியது, உள்ளங்கை உள்ளங்காலில் தடிப்பு வந்தது என்று எதுவும் நீங்கள் எழுதவில்லை. பென்சிலின் ஊசியில் குணப்படுத்தக்கூடிய நோயை, கல்யாணத்துக்கு முன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் கழித்துவிடலாம் என்பதற்காகத்தான்.

ஹெபடைட்டிஸ் பி: நெகட்டிவ். தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று எழுதவில்லை. போடவில்லை என்றால் இப்போது மூன்று தவணை போட்டுக்கொள்ளுங்கள்: இன்று, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம்.

இனி அந்தத் தடித்த எழுத்து. ஹெர்பிஸ் வைரஸில் இரண்டு வகை. முதல் வகை, காய்ச்சல் வந்தால் சிலருக்கு உதட்டோரத்தில் கொப்புளம் கட்டுமே, அது. குழந்தைப் பருவத்திலேயே பெரியவர்கள் கொடுக்கும் முத்தத்திலும், எச்சில் படுவதிலும் வந்து உடம்பில் தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு இது இருக்கிறது. ஐ.ஜி.ஜி. என்பது ஒரு வகை எதிர்ப்பொருள். அது பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒருநாள் உங்கள் உடம்பு அந்த வைரஸைச் சந்தித்திருக்கிறது என்று மட்டும் பொருள். எப்போது, எந்த இடத்தில், யாரிடமிருந்து என்று அது சொல்லாது. உங்கள் அம்மாவுக்கும் எடுத்தால் பாசிட்டிவ் வர வாய்ப்பு அதிகம்.

பிறப்புறுப்பில் ஹெர்பிஸ் அறிகுறியோடு வந்தால் ரத்த ரிப்போர்ட் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. தொற்று ஏற்பட்டு 2 முதல் 12 நாட்களுக்குள் பெரும்பாலும் எரிச்சலோடு, சிவந்த இடத்தில் கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்பி, உடைந்து புண்ணாகி, நெறி கட்டும். லேசாக வந்தோ, அறிகுறியே இல்லாமலோ கவனிக்காமல் போகிறவர்களும் நிறைய உண்டுதான். ஆனால் நான்கு மாதமாக மாறாமல் நிற்கும் வரிசைக்கும் ஹெர்பிஸுக்கும் சம்பந்தமில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இந்த ஐ.ஜி.ஜி. பரிசோதனையைப் பேக்கேஜில் சேர்ப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது. அது தீர்க்கிற சந்தேகத்தைவிடக் கிளப்புகிற பீதிதான் அதிகம்.

சிறுநீர் எரிச்சலோ, உறுப்பின் துவாரத்திலிருந்து சீழோ நீரோ வடிவதோ இருந்தால் கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகளைப் பற்றி யோசிக்க வேண்டும். கிளமிடியா அறிகுறி இல்லாமலும் இருக்கக்கூடும். அதற்குச் சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. வேண்டுமா என்பதை நேரில் பார்க்கும் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இன்றைக்கே நிறுத்துங்கள்

அந்த ஆயின்மென்டை நிறுத்துங்கள். பெயரை நீங்கள் எழுதவில்லை. ஆனால் ‘அரிப்புக்கு’ என்று கேட்டால் கடையில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டும், படர்தாமரை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றாகக் கலந்த குழம்பு. ஸ்டீராய்டு அந்த மெல்லிய தோலை இன்னும் மெல்லியதாக்கும். மூன்று வாரத்தில் சிவப்பும் எரிச்சலும் தொடங்கியது என்று எழுதியிருக்கிறீர்களே, அதில் பாதி இந்த ஆயின்மென்டும் மீதி கிருமிநாசினியுமாக இருக்கலாம். மொலஸ்கமாக இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பரவவும் விடும். கழுவுவதற்குப் பச்சைத் தண்ணீர் போதும், குளிக்கும்போது ஒரு தடவை.

ரேஸர் வேண்டாம். முடி இருந்துவிட்டுப் போகட்டும். கத்தரியால் ட்ரிம் செய்தால் போதும்.

கைவைத்தியமும் வேண்டாம். சுண்ணாம்பு வைப்பது, அம்மான் பச்சரிசிப் பாலை விடுவது, குதிரைமுடியைக் கட்டுவது, கால் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்திரியை வெட்டி ஒட்டுவது, இதெல்லாம் கையிலும் கழுத்திலும் உள்ள மருவுக்கு ஊரில் செய்கிறார்கள் என்று தெரியும். இந்த இடத்தில் செய்து, தோல் வெந்து, முன்தோல் வீங்கிப் பின்னால் போகாமல் அவசரத்துக்கு ஓடி வந்தவர்கள் உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வருவதானால் தாராளமாகப் போய் வாருங்கள். அதனால் தோலுக்குக் கெடுதல் இல்லை.

லேகியத்தை இன்றோடு நிறுத்துங்கள். மேகநோய் உட்பட ஒரு பட்டியலில் உள்ள நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் வருட மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணி நிகழ்ச்சிகளைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது, அது வேறு விஷயம். சித்த மருத்துவத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருந்தால் அரசு சித்த மருத்துவமனையில் படித்த மருத்துவர் இருக்கிறார். லாட்ஜில் ரூம் போட்டவரிடம் போகத் தேவையில்லை. விளிம்பு வரிசைக்கும் ஆண்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

எங்கே போவது, என்ன செய்வார்கள்

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பால்வினை நோய்ப் பிரிவு உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் ஏற்பாட்டில் நடக்கும் இடங்களில் ‘சுரக்ஷா கிளினிக்’ என்று பலகை இருக்கும். பார்ப்பதும் மருந்தும் இலவசம். எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அங்கேயே நம்பிக்கை மையம் இருக்கும். எங்கே இருக்கிறது என்று வெளியில் விசாரிக்கக் கூச்சமாக இருந்தால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் கேளுங்கள், பெயர் சொல்ல வேண்டியதில்லை. தனியாரிடம் போவதானால் தோல் மற்றும் பால்வினை நோய் நிபுணர் என்று பலகையில் இருப்பவரிடம் போங்கள். தோல் டாக்டர்தான் இதற்கும் டாக்டர் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

உள்ளே போனால் என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பாதி பயம். திரைக்குப் பின்னால் படுக்கச் சொல்வார்கள். கையுறை போட்டு, முன்தோலைப் பின்னால் தள்ளி, விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் டெர்மாஸ்கோப் என்ற பெரிதாக்கிக் காட்டும் கருவியை வைத்துப் பார்ப்பார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். வாயைத் திறக்கச் சொல்வார்கள், உள்ளங்கையைக் காட்டச் சொல்வார்கள். ராத்திரியில் அரிப்பு உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு உண்டா என்றும் கேட்பார்கள், சிரங்கும் இந்த இடத்தில் கட்டி கட்டியாக வரும் என்பதால். அந்த ஆடி மாதத்தைப் பற்றிக் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். உங்களுக்கு முன்னால் வந்தவரும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிவிட்டுப் போயிருப்பார்.

‘பெயர் கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமா’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக்கூடாது, முடிவைப் பொதுவாக உங்கள் சம்மதம் இல்லாமல் மற்றவரிடம் சொல்லவும் கூடாது. 2017-ஆம் வருட எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் சட்டம் இதைச் சொல்கிறது, 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. மற்ற நோய்களுக்கும் ரகசியம் காப்பது டாக்டரின் கடமை.

கல்யாணம்

நிறுத்த வேண்டிய காரணம் எதையும் உங்கள் கடிதத்தில் நான் பார்க்கவில்லை. இப்போது புரட்டாசி. தைக்கு இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது. மொலஸ்கமோ மருவோ எதுவாக இருந்தாலும் சிகிச்சை தொடங்க இது தாராளமான நேரம். உறைய வைப்பது, மருந்து வைப்பது, மின்சாரத்தில் சுடுவது என்று வழிகள் இருக்கின்றன. மருவுக்குச் சில வார இடைவெளியில் சில முறை வரச் சொல்வார்கள். திரும்ப வருவதும் உண்டு, அப்போதும் அதே சிகிச்சைதான்.

நிச்சயித்த பெண்ணிடம் சொல்ல வேண்டுமா என்பது இரண்டு கேள்வி. தொற்றைப் பற்றிச் சொல்வது ஒன்று, அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்வது இன்னொன்று. புடைப்புகள் இயல்பானவைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டால் தொற்று என்று சொல்ல எதுவுமே இல்லை. மொலஸ்கம் என்றால் அது போகும்வரை தள்ளி இருந்து, துண்டைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். மரு என்று வந்தால் மட்டும் நிலைமை வேறு. கண்ணுக்குத் தெரிந்த மரு போன பிறகும் வைரஸ் சில காலம் தோலில் இருக்கலாம், பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அடக்கிவிடும். உறவு என்பது அவர் உடம்பையும் சேர்த்தது. அதனால் அவருக்குத் தெரியாமல் வைக்கும் உரிமை உங்களுக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. தெரிந்தால் அவரும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். உறவு தொடங்குவதற்கு முன்னால் போட்டால்தான் அதன் பலன் முழுமை. அவருக்கு 24 வயது என்கிறீர்கள், போடக்கூடிய வயதுதான். மரு இல்லாவிட்டாலும் போட்டுக்கொள்ளலாம். 30 வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனை எல்லாப் பெண்களுக்கும் வேண்டியதே.

அந்த நாளைப் பற்றிச் சொல்வது டாக்டராக நான் உத்தரவு போடும் விஷயம் இல்லை. சொன்னால் அவர் வருத்தப்படலாம், கேள்வி கேட்கலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். சொல்லாவிட்டால் நீங்கள் அதைச் சுமக்க வேண்டும். எதுவானாலும் குழப்பத்தின் நடுவில், ராத்திரி இரண்டு மணிக்கு வாட்ஸப்பில் சொல்லாதீர்கள். முதலில் டாக்டர் என்ன சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள், பிறகு யோசியுங்கள். இதற்கிடையில் ஓவர்டைம் பொய்யை விட்டுவிட்டுப் போனை எடுங்கள். நீங்கள் ஏன் பேசவில்லை என்று அவர் அங்கே என்னென்ன நினைத்துக்கொண்டிருப்பாரோ.

ஒன்றை நீங்களே கவனித்து எழுதியிருக்கிறீர்கள்: ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்தால் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் மறுபடி டார்ச். தினமும் எத்தனை முறை பார்க்கிறோம் என்ற கணக்கே இல்லை என்கிறீர்கள். டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொன்ன பிறகும் இது தொடர்ந்தால், அது தோல் பிரச்சினை அல்ல, பதற்றம். குற்ற உணர்ச்சி உடம்பில் நோயைத் தேடும். இதற்கு மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. சிலருக்குப் பேச்சே போதும், சிலருக்குச் சில மாதம் மாத்திரை வேண்டியிருக்கும். சுரக்ஷா கிளினிக்கில் ஆலோசகரும் இருப்பார், அங்கேயே தொடங்கலாம்.

இந்த வாரமே போங்கள். நடுவில் புண், நீர்க்கொப்புளம், சீழ், காய்ச்சலோடு நெறி கட்டுவது, முன்தோல் வீங்கி முன்னால் வராமல் மாட்டிக்கொள்வது, இதில் எது வந்தாலும் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போக வேண்டும். அம்மா கேட்டால் தோல் டாக்டரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. போகும்போது இரண்டு லேப் ரிப்போர்ட்டையும் அந்த ஆயின்மென்ட் ட்யூபையும் எடுத்துக்கொள்ளுங்கள். லேகிய டப்பாவைக் கோபத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதையும் கொண்டு போங்கள். லேபிள் இல்லாத இந்த மாதிரி மருந்துகளில் பாதரசமோ ஈயமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கக்கூடும். எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, ஈரல், சிறுநீரகப் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் மறுக்காமல் எடுத்துவிடுங்கள்.